கூத்தும் குடும்பமும்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்த முன்னோர், அம்மூன்றையும் ஒரு நிறையாகவே வைத்துப் போற்றினர். இற்றைத் தமிழரோ இயற்றமிழைத் தேர்வுக்குரிய பாடமாகச் சுருக்கிவிட்டனர். இசைத்தமிழைத் தெலுங்குப் பாட்டுகளுக்கு இடையே பாடும் துக்கடாவாக்கி இறுதியில் ஒதுக்கிவிட்டனர். நாடகத் தமிழை ஊர்ப்பொட்டலில், நள்ளிரவுக்குப் பின், பாதிப் பேர் உறங்கிய நிலையில் எவரோ ஆடிப் போகட்டும் என்று விட்டுவிட்டனர். முன்னைய இரண்டையும் மீட்கப் பெரியோர் பலர் உழைத்தனர், இன்றும் உழைக்கின்றனர். மூன்றாவதற்காகப் பரிந்து பேசுவோர் மிகச் சிலரே. எந்தக் கலையும் மன்றங்களாலும் விருதுகளாலும் மட்டும் வாழ்ந்துவிடுவதில்லை. தந்தையும் தாயும் தம் மக்களின் கைபிடித்து அழைத்துச் சென்று காட்டும் கலையே வாழும். அவ்வாறு காட்டக் கூசும் கலை, எத்துணைப் பழமை உடையதாயினும், ஒரு தலைமுறையிலேயே மாயும்.

எனவே, தமிழர் இன்று எண்ணிப் பார்க்க வேண்டிய வினா மிக எளியது: திருவிழா இரவில், குடும்பத்தொடு அமர்ந்து காணத்தக்க கூத்து தமிழ்நாட்டு ஊர்களில் இருக்கின்றதா? இல்லையெனின், அதனை இல்லாமற் செய்தவர் யாவர்?

பழைய வழக்கு

கூத்தைக் கூட்டமாக இருந்து காணும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. செல்வம் வருவதற்கும் போவதற்கும் வள்ளுவர் காட்டும் உவமை கூத்தவையின் கூட்டமே. சிறிது சிறிதாக வந்து சேர்ந்து, ஆட்டம் முடிந்தவுடன் ஒருங்கே கலையும் அக்கூட்டத்தை அவர் கண்ணாற் கண்டிராவிடின், அவ்வுவமை பிறந்திராது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடரங்கின் அளவையே வரையறுத்துச் சொல்கின்றது: நீளம் 8 கோல், அகலம் 7 கோல், உயரம் 1 கோல். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளையும் அது பெயர் சுட்டிக் கூறுகின்றது. இற்றை நாடகக்காரர் ‘சீன்’ என்று வழங்கும் திரைக்கு ஆயிரம் ஆண்டுகட்கும் முன்பே தமிழில் மூன்று பெயர்கள் இருந்தன என்க.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டொன்று, இரண்டாம் இராசேந்திரன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், வைகாசிப் பெருவிழாவில் ‘இராசராசேச்சுர நாடகம்’ ஆடுதற்கென்று கூத்தர் ஒருவர்க்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளக்கப் பணித்த செய்தியைக் கூறுகின்றது. விழாவுக்கு நாடகமும், நாடகத்துக்கு நெல்லும் என்பது அற்றை நடைமுறை. ஆடுவோனின் சோற்றை ஊர் ஏற்றது. ஊரின் மொழியை ஆடுவோன் காத்தான்.

முகவையின் விழா இரவு

அந்நடைமுறையின் எச்சம் இன்றும் உயிரோடு நிலவும் நிலங்களுள் முகவையும் ஒன்று. பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என நீளும் கடற்கரையும், முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி எனப் பரந்த பனங்காட்டு நிலமும் மழையை நம்பி வாழ்வன. கண்மாய் வற்றி, மிளகாய் அறுவடை முடிந்து, கையில் சிறிது காசும் சிறிது ஓய்வும் கிடைக்கும் பங்குனி, சித்திரை, வைகாசித் திங்கள்களிலேயே அங்கு ஊர்த்திருவிழாக்கள் செறிந்து வரும். கீழைக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாதெனத் தடுக்கப்பட்டுள்ள காலமும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரையான 61 நாள்களே ஆதலின், விசைப்படகில் தொழில் செய்வோரும் அந்நாள்களில் கரையில் இருப்பர். பெண்டிர் முளைப்பாரி வளர்ப்பர், கும்மி கொட்டுவர், ஆடவர் ஒயிலாட்டம் ஆடுவர். விழாவின் ஓர் இரவில் நாடகம் நடைபெறும்.

அந்நாடகம் தனிவகையானது. அதற்கென நிலையான குழு இல்லை, ஒத்திகையும் இல்லை. அரச வேடத்தார் ஓரூரினர். பெண் வேடத்தார் வேறூரினர். கோமாளி மற்றோர் ஊரினர். ஆர்மோனியக்காரரும் மத்தளக்காரரும் இன்னுமோர் ஊரினர். விழாக்குழுவினர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்துவர். அன்றிரவு மேடைக்குப் பின்னால், அரிதாரம் பூசும் இடத்தில்தான் அவர்கள் ஒருவரையொருவர் காண்பர். ஆயினும் விடியும் வரை ஒரு சொல்லும் தட்டாமல் நாடகம் நடைபெறும். கதையும் பாட்டும் அனைவர்க்கும் பொதுச் சொத்தாக நெஞ்சில் இருப்பதே அதற்குக் காரணம். ஒத்திகையின்றி எட்டு மணிநேரம் பாடவும் உரையாடவும் வல்ல கலைஞரைப் பெற்றிருக்கும் ஓரினம், அவர்களைப் படிப்பறியாதார் என்று தாழ்த்திப் பேசுவது எத்துணை மடமை!

இப்பொதுச் சொத்தைத் தேடி வைத்தவர் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாசு அடிகள். தமிழ் யாப்பு நூல்களை நெஞ்சில் ஏற்றி, வெண்பாவும் கலித்துறையும் விருத்தமும் சந்தமுமாக நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை அவர் எழுதினார். 1918-இல் மதுரையில் சிறுவர் நாடகக் குழு ஒன்றை அமைத்துப் பயிற்றினார். 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் புதுவையில் மறைந்தார். பரிதிமாற் கலைஞர் 1897-இல் ‘நாடகவியல்’ எழுதிக் கற்றோர்க்கு நாடக இலக்கணம் வகுத்தார். விபுலானந்த அடிகள் 1926-இல் ‘மதங்க சூளாமணி’ எழுதி நாடகத் தமிழை ஆய்ந்தார். இருவரின் பணியும் பெரிது. ஆயினும் எழுத்தறியாப் பனையேறியின் காதுக்கும் மீனவப் பெண்ணின் காதுக்கும் விருத்தப்பாவைக் கொண்டு சேர்த்தவர் சங்கரதாசு அடிகளே. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியது முகவை மண் புலவர்க்குச் செய்த கொடை. அம்மண்ணின் நாடக மேடையோ, புலவரல்லாதார் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட சங்கம்.

வள்ளி கற்பிக்கும் பாடம்

அரிச்சந்திரன், பவளக்கொடி, கோவலன், நல்லதங்காள் எனப் பல நாடகங்கள் உளவேனும், முகவைப் பகுதியில் மிகுதியாக விரும்பப்படுவது வள்ளி திருமணமே. அதற்குச் சமயப் பற்று மட்டும் அடிப்படையன்று.

வள்ளி குறமகள். தினைப்புனத்தில் பரண்மீது நின்று பறவை ஓட்டுகின்றாள். தப்பி வந்த மானைத் தேடும் வேடனாக முருகன் வருகின்றான், மறுக்கப்படுகின்றான், பின்னர் முதியவனாக வருகின்றான். மானைத் தேடுவான்போல் வந்து மங்கையிடம் பேச்சுக் கொடுப்பதைப் பழைய அகப்பொருள் நூல்கள் ‘கெடுதி வினாதல்’ எனத் துறையாகவே வகுத்துள்ளன. முருகனொடு கூடிய வள்ளி நற்றிணையிலேயே சுட்டப்படுகின்றாள். குறிஞ்சித் திணையும் தினைப்புனமும் களவொழுக்கமும் பல்கலைக்கழக வகுப்பறையில் உரைநூலின் துணையோடு விளக்கப்படுவன. அவையே முகவைச் சிற்றூரில், மணலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் எட்டு அகவைச் சிறுவனுக்குக் கண்முன் நிகழ்கின்றன. நாரதன் வருகை வடவர் கதைமரபின் ஒட்டு என்பது மெய். அவ்வொட்டை நீக்கினும் அடிமரம் தமிழ் மரமே.

நாடகத்தின் உயிர் சொற்போரில் இருக்கின்றது. நாரதனொடு வள்ளியும், வேடனொடு வள்ளியும் மணிக்கணக்கில் வாதிடுவர். மணம் வேண்டுமா வேண்டாவா, ஆண் உயர்வா பெண் உயர்வா, இல்லறம் பெரிதா துறவறம் பெரிதா என வினா எழும், விடை மறுக்கப்படும், மறுப்புக்கு மறுப்பு வரும். எழுதி வைத்துப் படிப்பதன்று அது, அவ்விடத்திலேயே பிறப்பது. வாதில் ஒரு சொல் பிழைத்தால் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவர் சிரித்துக் காட்டிவிடுவார். காடு காக்கும் பெண்ணொருத்தி கடவுளையே சொல்லால் மடக்குவதைக் கண்டு வளரும் சிறுமிக்கு, பெண் பேசுதல் பிழையன்று என்று வேறொருவர் கற்பிக்க வேண்டுவதில்லை.

அதே தினைப்புனக் காட்சிதான் விடுதலைப் போரின் கருவியாகவும் ஆயிற்று. சிவகாசியில் 1886-இல் பிறந்த விசுவநாததாசு, முருகன் வேடத்தில் நின்று, பறவையோட்டும் பாட்டில் வெள்ளையரைக் கொக்காக வைத்துப் பாடினார். அதற்காகப் பன்முறை சிறை சென்றார். மருத்துவர் குலத்தில் பிறந்தார் என்பதால் அவரொடு நடிக்க மறுத்தோரும் உண்டு. 1940-ஆம் ஆண்டு திசம்பர் 31-ஆம் நாள் சென்னையில் வள்ளி திருமண மேடையிலேயே, முருகன் கோலத்திலேயே அவர் உயிர் நீத்தார். வெள்ளையர் ஆட்சி 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தை வைத்துக்கொண்டு அஞ்சியது இத்தகைய மேடையைத்தான். பேராட்சியை அஞ்சவைத்த மேடை, இன்று தன் மக்களைத் தன்முன் அமர்த்தவும் வலியற்று நிற்கின்றது.

கடலுக்கு அப்பால்

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தொடர்வண்டி தனுக்கோடி வரை சென்றது; அங்கிருந்து கப்பல் தலைமன்னார் சென்றது. தமிழ்நாட்டுக் கலைஞர் ஈழம் செல்லும் வழி முகவைக் கரையே ஆயிற்று. செங்கோட்டைக் கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் 1920-களில் இலங்கை மேடைகளில் இணைந்து பாடிப் புகழ் பெற்றனர். 1964 திசம்பர் 22-ஆம் நாள் இரவின் புயல் தனுக்கோடியைக் கொண்டுபோயிற்று. 2025 ஏப்பிரலில் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆயினும் தனுக்கோடிக்கு இன்றும் தொடர்வண்டி இல்லை.

கடலின் அக்கரையில், மன்னாரில், கத்தோலிக்க மக்கள் தமிழ்க்கூத்தைத் தம் விழாக்கலையாகவே போற்றி வந்துள்ளனர். அங்கு யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு என இரு பாங்குகள் உண்டு. குழந்தை ஏசுவைக் காண வந்த மூன்று அரசர் கதையைச் சொல்லும் ‘மூவிராசாக்கள் நாடகம்’ அவற்றுள் புகழ்பெற்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் மன்னார்க் கூத்துகள் சிலவற்றைப் பதிப்பித்தார். பேராதனையில் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டே ‘கருணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றினார். ஈழத்துச் சிற்றூர்களில் அண்ணாவியார் ஒருவர் ஊர் இளைஞரைத் தெரிந்து, சட்டங் கொடுத்து, சதங்கை அணிவித்து, திங்கள் கணக்கில் பழக்கி, ஊர்முன் அரங்கேற்றுவார். ஆடுவோன் ஒருவனின் தாய், மனைவி, தங்கை, மாமன் அனைவரும் அவையில் இருப்பர். ‘குடும்பத்தொடு கூத்துக்குப் போகலாமா?’ என்ற வினாவே அங்கு எழ வழியில்லை. குடும்பமே கூத்தாடும் இடத்தில் எவர் எவரை விட்டுப் போவது?

சமயம் எதுவாயினும் தமிழரின் விழாவுக்குக் கூத்து உரியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. தோலில் வரைந்த பாவையை விளக்கொளியில் ஆட்டும் தோற்பாவைக் கூத்தரை எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் வீட்டில் பேசுவது மராட்டியம். திரைக்குப் பின்னமர்ந்து, ஒருவரே பல குரலில், ஊர் ஊராகச் சென்று கதை சொல்வதோ தமிழில். பிறமொழியாளர் தமிழ்க்கூத்தால் வாழ, தமிழ்மொழியாளர் தமிழ்க்கூத்தை விட்டு நீங்குகின்றனர்!

குடும்பம் விலகியது ஏன்?

தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்தமையே இதற்கு அடிப்படை என்று கைவிரிப்போர் பலர். அது பாதி உண்மையே. தொலைக்காட்சி வந்த பின்னரும் தேரிழுக்க மக்கள் கூடுகின்றனர். நாடகத்துக்கு மட்டும் குடும்பமாகக் கூடாமைக்கு வேறு மூன்று நோய்கள் உள.

முதல் நோய், காலம். நாடகம் இரவு பத்து மணிக்குத் தொடங்குகின்றது. முதலிரண்டு மணிநேரம் கோமாளியும் ஆட்டக்காரியும் நிகழ்த்தும் நகைச்சுவைக்குப் போகின்றது. வள்ளி வருவதற்குள் நள்ளிரவு ஆகின்றது. சிறந்த சொற்போர் நிகழும்போது சிறுவர் உறக்கத்தின் ஆழத்தில் இருக்கின்றனர். சிறுவர் விழித்திருக்கும் காலத்தில் அவர்கள் கேட்கத் தகாதன நிகழ்கின்றன. கேட்கத் தக்கன நிகழும் காலத்தில் அவர்கள் விழித்திருப்பதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாதென்கின்றன; மாநில அரசு விரும்பினால், ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல், நள்ளிரவு பன்னிரண்டு வரை தளர்த்தலாம் என்கின்றன. இரவு முழுதும் ஆடும் கலை, சட்டத்தின் கண்ணில் விடிய விடியக் குற்றம் ஆகின்றது.

இரண்டாம் நோய், கொச்சை. கோமாளியின் நகைச்சுவை கூத்தின் உப்பு. உப்பே சோறாகிவிட்ட இடங்கள் பல. இருபொருட் பேச்சு, பெண்ணை இழித்துரைக்கும் பாட்டு, திரைப்பட ஆட்டம் ஆகியன மிகுந்து, தாயும் மகனும் ஒருங்கிருந்து கேட்க முடியாத நிலை உண்டாயிற்று. பல ஊர்களில் நாடகத்தையே நீக்கிவிட்டு ‘ஆடல் பாடல்’ என்ற பெயரில் திரைப்பாட்டுக் களியாட்டம் வைக்கின்றனர். அதற்கு இசைவு வேண்டி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஆண்டுதோறும் வழக்குகள் செல்கின்றன. இழிவான ஆட்டம் கூடாது, சாதியைத் தூண்டும் பாட்டுக் கூடாது என நீதியரசர் நிபந்தனை விதிக்க நேர்கின்றது. தன் திருவிழாவில் தன் பிள்ளைகள் எதைக் காணலாம் என்பதை ஊர் தானே முடிவு செய்ய இயலாமல் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருப்பது, ஊரின் பெருமையா சிறுமையா?

இதற்குக் கலைஞரைப் பழித்தல் எளிது, நேர்மையன்று. பணம் கொடுப்போன் கேட்பதையே ஆடுவோன் ஆடுகின்றான். ‘காமெடி நல்லா இருக்கணும்’ என்று விழாக்குழு இளைஞர் கட்டளையிட்டுவிட்டு, விடிந்தபின் ‘நாடகக்காரி’ என்று இகழ்வது இரட்டை நாக்கு. வள்ளியாக நிற்கும்போது கைகூப்பப்படும் பெண், அரிதாரம் கலைத்து இரவுப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது கீழ்ப்பார்வைக்கு ஆளாகின்றாள். ஆண்டில் சில திங்களே அவர்கட்கு வருவாய். 2020-லும் 2021-லும் நோய்த்தொற்றால் விழாக்கள் தடைப்பட்டபோது அவ்வருவாயும் போயிற்று. அவர்களை மதிக்கும் அவை அமைந்தால், மதிப்புக்குரிய ஆட்டமும் அமையும். முன்வரிசையில் பெண்டிரும் பிள்ளைகளும் நிறைந்திருக்கும் ஊரில் கோமாளியின் நா தானே அடங்குதல் இயல்பு. குடும்பம் விலகியதால் கொச்சை வளர்ந்தது; கொச்சை வளர்ந்ததால் குடும்பம் விலகிற்று. இவ்வளையத்தை அறுக்க வேண்டியது அவையே.

மூன்றாம் நோய், அயற்சொல். தமிழ்க்கூத்தின் வேடங்களுக்கே இன்று தமிழ்ப்பெயர் இல்லை. அரச வேடம் ‘இராசபார்ட்டு’, பெண் வேடம் ‘இசுதிரீபார்ட்டு’, கோமாளி ‘பபூன்’, ஆட்டக்காரி ‘டான்சு’, நாடகமே ‘இசுபெசல் நாடகம்’. வடமொழியில் பாதியும் ஆங்கிலத்தில் பாதியுமாக ஒட்டிய இப்பெயர்கள், ஆங்கிலேயன் போய்ப் பல்லாண்டு ஆன பின்னும் சுவரொட்டிகளில் பல்லிளிக்கின்றன. கோமாளி என்ற சொல்லில் குறையென்ன கண்டனர்? கூத்தன், கூத்தி, விறலி, பாணர், அண்ணாவி என வளமாகப் பெயர் வைத்திருந்த மொழி இது. பெயரை இழந்த கலை, தன் பிறப்பை மறந்த பிள்ளை போன்றது. எவர் வீட்டிலும் ஏவல் செய்யும்.

மேலையர் விழாக்கூத்து

ஆங்கிலேயரைப் பின்பற்றுவோர் அவர்களின் நல்ல வழக்கத்தையேனும் பின்பற்றுவாராக. அந்நாட்டில் ஏசு பிறந்தநாளை ஒட்டிய குளிர்காலத்தில் ‘பாண்டமைம்’ என்றொரு விழாக்கூத்து ஊர்தோறும் நடைபெறும். பெயரளவில் ஊமைக்கூத்தென்று பொருள்படினும், அது பேச்சும் பாட்டும் நிறைந்த கூத்து. எல்லார்க்கும் தெரிந்த பழங்கதையே அதற்குப் பொருள். கிழவி வேடத்தை ஆடவர் ஒருவர் பூண்டு நகைப்பூட்டுவார். தீயோன் வந்தால் சிறுவர் கூவி இகழ்வர். நல்லோனுக்குப் பின்னால் கேடு வந்து நின்றால் ‘பின்னால் பார்’ என்று அவை முழுதும் கத்தும். பாட்டன் பேரனை அழைத்துச் செல்வான். அப்பேரன் பாட்டனாகித் தன் பேரனை அழைத்துச் செல்வான். பல அரங்குகள் ஆண்டு முழுதும் நிலைத்து நிற்பதற்கு அச்சில கிழமை வருவாயே பெருந்துணை. சிறுவராக அங்குச் சென்றவரே பின்னர்ச் சேக்சுபியர் நாடகத்துக்கும் நுழைவுச்சீட்டு வாங்குகின்றனர்.

தெரிந்த கதை, அவையொடு பேசும் கோமாளி, பாட்டு, விழாக்காலம் ஆகிய அனைத்தும் முகவை நாடகத்திலும் உண்டு. அவர்களிடம் உள்ளதாய், இங்கு இல்லாததாய் இருப்பது ஒன்றே: நடுவே அமர்ந்திருக்கும் குடும்பம். அவர்கள் நகைச்சுவையைக் கைவிடவில்லை. சிறுவர் கேட்கும் நேரத்தையும் முறையையும் அறிந்து அமைத்துக்கொண்டனர். கேரளத்தார் 1930-இல் வள்ளத்தோளின் முயற்சியால் கலாமண்டலம் அமைத்துக் கதகளியைப் போற்றியதையும் ஈண்டு நினைக்கலாம். தமிழர் மட்டுமே தம் கூத்தை இழிவென்று எண்ணித் தள்ளிவிட்டு, பிறர் கூத்துக்குக் கைதட்டுகின்றனர்.

மறுப்பும் விடையும்

‘கடவுட் கதைகளை ஆடுவது பகுத்தறிவுக்குப் பொருந்துமா?’ என்று கேட்போர் உளர். கேட்டற்குரிய வினாவே. ஆயினும் கதையின் மூடத்தைக் கழித்து மொழியின் செல்வத்தைக் கொள்ளுதல் இயலாததன்று. அதே மேடையில் கோவலன் நாடகம் வழியே சிலம்பின் கதை வந்தது, கட்டபொம்மன் வந்தான், நாட்டு விடுதலையும் வந்தது. நாளை பாரியும் குமணனும் வேலுநாச்சியும் வரலாம், வரவேண்டும். மேடை இருந்தாலன்றோ புதுப்பொருள் ஏறும்? மேடையையே இடித்துவிட்டு எங்கே நின்று பகுத்தறிவு பேசுவது?

‘இரவெல்லாம் விழித்தால் பிள்ளைகளின் படிப்புக் கெடும்’ என்போரும் உளர். ஆண்டில் ஓரிரவு கெடாத படிப்பு, நாள்தோறும் கைப்பேசியில் நள்ளிரவு வரை மூழ்குவதால் கெடுகின்றது. எனினும் அவர் சொல்லில் உள்ள நியாயத்தை ஏற்று, நாடக நேரத்தை மாற்றுதலே நேரிய விடை.

‘முற்பகுதிக் கோமாளியை நீக்கிவிட்டால் இளைஞர் வாரார்’ என்பது மூன்றாவது மறுப்பு. கோமாளியை நீக்குமாறு எவரும் கூறவில்லை. பஞ்சத்தையும் வட்டிக்கடனையும் பதவிச் செருக்கையும் ஊர்முன் நகையாடும் துணிவு கோமாளிக்கே உண்டு. அவனது நகை பெண்ணுடலை விட்டு வலியோர் மீது திரும்பட்டும் என்பதே வேண்டுகோள்.

செய்ய வேண்டுவன

இவை அரசு ஆணைக்குக் காத்திராமல் ஊர்களே செய்யத்தக்கன.

ஒன்று: நாடகத்தை மாலை ஆறு மணிக்கே தொடங்குதல் வேண்டும். முதலில் வள்ளி வரட்டும். இடையிடையே கோமாளி வரட்டும். ஒலிபெருக்கி அடங்க வேண்டிய பத்து மணிக்குள் நாடகத்தின் நெஞ்சப் பகுதி முடியட்டும். அதன்பின்னும் கேட்க விரும்புவோர், ஒலிபெருக்கி இன்றி வாய்ப்பாட்டாகவே கேட்கலாம். பழங்காலத்தில் அப்படித்தான் கேட்டனர்.

இரண்டு: கலைஞரை அமர்த்தும்போதே, பெண்டிரும் பிள்ளைகளும் முன்னிருப்பர் என்று விழாக்குழு சொல்லிவிடல் வேண்டும். குழுவில் பெண்டிர்க்கும் இடமளித்தல் வேண்டும். ஊர்ப் பெண்டிர் தம் கும்மிக்குத் தாமே பாட்டுத் தேர்வதுபோல, நாடகத்தையும் தேர்வாராக.

மூன்று: சுவரொட்டியிலும் அறிவிப்பிலும் தமிழ்ப்பெயரே வழங்கல் வேண்டும். சிறப்பு நாடகம், அரச வேடம், பெண் வேடம், கோமாளி, ஆட்டம், திரை என்று எழுதினால் எவர்க்கும் விளங்காமற் போகாது. அச்சிடக் கொடுப்போர் ஒருவர் முனைந்தால் ஓரூரில் இவ்வாண்டே மாறும்.

நான்கு: அவையில் சாதி பார்த்து இடம் வகுத்தல் எங்கேனும் எஞ்சியிருப்பின் அறவே ஒழிதல் வேண்டும். விசுவநாததாசு மாண்ட மேடையின் முன் அத்தகைய பிரிவு இருப்பது அவரை மீண்டும் ஒருமுறை கொல்வதாகும்.

ஐந்து: தமிழாசிரியர், விழாவுக்கு முதற்கிழமையில் வகுப்பில் வள்ளி கதையையும் குறிஞ்சித் திணையையும் சொல்லிவைத்து, விழாவுக்குப் பின் பிள்ளைகளைச் சொற்போர் நிகழ்த்தச் செய்தல் வேண்டும். பாடநூலும் பொட்டலும் அன்று கைகோக்கும்.

ஆறு: கலைஞர்க்குப் பேசிய பொருளை மேடையேறும் முன்பே கொடுத்தல் வேண்டும், அரிதாரம் பூச மறைவிடமும், பெண் கலைஞர்க்குத் தனியிடமும், உணவும், பேருந்து ஏறும் வரை காவலும் அளித்தல் வேண்டும். 120 கலம் நெல் அளந்த இனத்துக்கு இது பெருஞ்செலவன்று.

இவ்வனைத்துக்கும் முற்பட்டது, இல்லத்தார் செய்ய வேண்டியது. தந்தை தனியே போய் நின்று பார்த்துவிட்டு வருதல் போதாது. மனைவியையும் மக்களையும், முதுமையால் நடை தளர்ந்த அப்பத்தாவையும் உடனழைத்துச் செல்லல் வேண்டும். பாயும் தண்ணீரும் அவித்த கடலையும் போதும். பிள்ளை கேட்கும் வினாவுக்கு விடை சொல்ல அப்பத்தா அருகிருப்பாள். தினை என்றால் என்ன, பரண் என்றால் என்ன, ஆலோலம் என்றால் என்ன என்று அவள் சொல்லும் விளக்கத்தை எந்த அகராதியும் தாராது. சென்னையிலும் வெளிநாட்டிலும் வாழும் முகவை மக்கள் திருவிழாவுக்கு ஊர் திரும்பும்போது, ஆங்கிலப் பள்ளியில் பயிலும் தம் பிள்ளைகளைத் தங்குவிடுதியில் உறங்கவிட்டு வாராதிருப்பாராக. அப்பிள்ளைகள் ஓராண்டில் கேளாத தமிழை ஓரிரவில் கேட்பர்.

ஒரு மொழி அழிவது நூலகங்கள் எரியும்போது மட்டுமன்று. அம்மொழியில் சிரிக்கவும் அழவும் வாதிடவும் கற்றுத்தரும் இடம் பிள்ளைகட்கு இல்லாது போகும்போதும் மொழி அழிகின்றது. முகவைப் பொட்டல்களில் அவ்விடம் இன்னும் எஞ்சியிருக்கின்றது. வரும் பங்குனியில் பந்தல் எழும்; மத்தளம் முழங்கும்; வள்ளி பரண்மேல் நிற்பாள். அவள் முன்னே தமிழ்க் குடும்பங்கள் அமர்ந்திருக்குமாயின் நாடகத் தமிழ் பிழைக்கும். வெறுமணல் மட்டும் கிடக்குமாயின் முத்தமிழ் இருதமிழாகும். எது வேண்டுமென்பதைத் தமிழரே முடிவு செய்யட்டும்!